பாட்டுப் பெட்டி வாங்கினால் போதுமா?

உங்கள் வீட்டில் பாட்டு கேட்பதற்கு என்ன வைத்திருக்கிறீர்கள்?

"இதென்ன கேள்வி... அதான் ஆளுக்கொரு செல்போன் இருக்கே!" என்கிறீர்களா? சரி. அந்த செல்போனில் கடைசியாக எப்போது ஒரு பாட்டை முதல் வரியிலிருந்து கடைசி வரை நிம்மதியாகக் கேட்டீர்கள்? கொஞ்சம் யோசித்துச் சொல்லுங்கள் பார்க்கலாம்!

ராத்திரி பத்து மணி. படுக்கையில் சாய்ந்தபடி பி.சுசீலா பாட்டு ஒன்றைப் போடுகிறீர்கள். இரண்டாவது சரணம் வருவதற்குள் 'டிங்' என்று ஒரு சத்தம். அபார்ட்மென்ட் குரூப்பில் யாரோ தண்ணீர் லாரி பற்றிக் கேட்டிருக்கிறார்கள். அதைப் பார்க்கப் போய், பக்கத்திலேயே யார் வீட்டுக் கல்யாண போட்டோவோ கண்ணில் பட, அங்கிருந்து ஒரு சமையல் வீடியோ... மணி பதினொன்றரை! பாட்டு எப்போது முடிந்தது? தெரியாது. தூக்கம் வந்ததா? அதுவும் இல்லை. மறுநாள் காலையில் "ராத்திரி சரியாவே தூங்கல, தலை பாரமா இருக்கு" என்று புலம்பல் மட்டும் மிச்சம்.

அதனால்தான் சொல்கிறேன். வீட்டுக்கு ஒரு தனி மியூசிக் ப்ளேயர் வேண்டும். பாட்டு மட்டுமே பாடத் தெரிந்த, வேறு எந்த வேலையும் தெரியாத ஒரு சின்னப் பெட்டி. இது ஆடம்பரம் இல்லை. மருந்துப் பெட்டியும் தெர்மாமீட்டரும் மாதிரி, வீட்டில் இருக்க வேண்டிய சாமான்களில் ஒன்று என்பது என் கட்சி.

"அதெல்லாம் வழக்கொழிஞ்சு போச்சே சார்" என்பவர்களும் உண்டு. பாதி உண்மைதான். 1979-ல் சோனி வாக்மேன் வந்தபோது, தெருவில் நடந்துகொண்டே பாட்டு கேட்பது உலகத்துக்கே அதிசயமாக இருந்தது. 2001 அக்டோபரில் ஆப்பிள் கம்பெனி ஐபாட் கொண்டுவந்து, ஆயிரம் பாட்டை சட்டைப் பையில் போட்டுக் கொள்ளலாம் என்றது. பிறகு செல்போன் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. 2022 மே மாதம் ஐபாடுக்கே மங்களம் பாடிவிட்டார்கள். ஆனாலும் தனி ப்ளேயர்கள் மறைந்துவிடவில்லை. சோனி இன்றும் வாக்மேன் என்ற பெயரிலேயே டிஜிட்டல் ப்ளேயர் விற்கிறது. சாதாரண எம்.பி.3 ப்ளேயர்கள் குறைந்த விலையில் கிடைக்கின்றன. சரிகம கம்பெனி 2017-ல் 5,000 பழைய பாட்டுகளை உள்ளேயே அடைத்து 'கார்வான்' என்று ஒரு ரேடியோ பெட்டியைக் கொண்டுவந்தது. தமிழ்ப் பாட்டுகளோடும் அது வந்து, எத்தனையோ வீடுகளில் தாத்தா பாட்டிகளுக்குப் பிறந்தநாள் பரிசாகப் போயிருக்கிறது.

பிரச்னை அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. வாங்கிக் கொடுப்பதோடு நம் கடமை முடிந்துவிட்டதாக நினைத்து விடுகிறோம். மிக்ஸிக்கு பிளேடு மாற்றுகிறோம், வாட்டர் ஃபில்டருக்கு கேண்டில் மாற்றுகிறோம். பாட்டுப் பெட்டியை மட்டும் வாங்கின நாளில் இருந்தபடியே விட்டுவிடுகிறோம். அதைக் கவனிக்க வேண்டிய இடங்கள் இரண்டு. ஒன்று, சத்தம். இன்னொன்று, அதற்குள் இருக்கிற பாட்டு.

முதலில் சத்தத்தைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் இது காது சமாச்சாரம். நம் உட்காதில் நத்தைக்கூடு போல் சுருண்டிருக்கும் பகுதிக்குள் நுண்ணிய முடி போன்ற செல்கள் இருக்கின்றன. ஒரு காதுக்கு சுமார் 15,000. ஒலியை நரம்புக்குப் புரிகிற சமிக்ஞையாக மாற்றுவது இவைதான். தலைமுடி உதிர்ந்தால் முளைக்கலாம். இந்த செல்கள் செத்தால் முளைக்காது. அவ்வளவுதான்! அதனால்தான் அதிக சத்தத்தால் போன காது, போனது போனதுதான்.

எவ்வளவு சத்தம் அதிகம்? உலக சுகாதார நிறுவனம் ஒரு கணக்கு சொல்லியிருக்கிறது. பெரியவர்களுக்கு 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். சத்தம் 90 டெசிபலுக்கு ஏறினால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். பத்து டெசிபல்தானே கூடியிருக்கிறது என்று நினைக்காதீர்கள். டெசிபல் கணக்கு கூட்டல் கணக்கு இல்லை, பெருக்கல் கணக்கு. பத்து கூடினால் காதுக்குள் போகும் சக்தி பத்து மடங்கு! குழந்தைகளுக்கு இன்னும் குறைவாக, 75 டெசிபல். இளைஞர்களில் 110 கோடி பேருக்கு இப்படிக் கேட்டே செவித்திறன் குறையும் ஆபத்து இருக்கிறது என்று 2015-ல் அதே நிறுவனம் எச்சரித்தது.

டெசிபல் மீட்டரை வைத்துக்கொண்டு நம்மால் உட்கார முடியுமா? முடியாது. அதற்கு சுலபமான வழி, ப்ளேயரின் முழு சத்தத்தில் 60 சதவிகிதத்தைத் தாண்டாமல் வைத்துக் கொள்வது. உங்கள் பையன் டவுன் பஸ்ஸில் காலேஜ் போகிறானா? பஸ்ஸின் இரைச்சலை அமுக்குவதற்காகவே சத்தத்தைக் கூட்டுவான். கூட்டினதை இறங்கின பிறகு குறைக்க மாட்டான். "அம்மா, சும்மா பாட்டுதானே கேக்கறேன்" என்பான். கேட்டுவிட்டு வந்து காதில் 'கொய்ங்' என்ற ரீங்காரம் இருக்கிறது என்றாலோ, ஒன்றுக்கு இரண்டு தடவை கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்க்கிறான் என்றாலோ, திட்டுவதை விட்டுவிட்டு காது-மூக்கு-தொண்டை டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

இங்கேதான் 'அப்டேட்' என்ற வார்த்தை வருகிறது. ப்ளேயரை இயக்குவதற்கு உள்ளே ஒரு அடிப்படை சாஃப்ட்வேர் இருக்கிறது, ஃபர்ம்வேர் என்பார்கள். கம்பெனி அவ்வப்போது அதில் திருத்தம் செய்து வெளியிடும். "நல்லாத்தானே பாடுது, அதை எதுக்கு நோண்டணும்?" என்று நாம் விட்டுவிடுவோம். ஆனால் இந்தத் திருத்தங்கள் காதைக் காப்பாற்றிய கதை ஒன்று இருக்கிறது, கேளுங்கள்.

பிரான்ஸ் நாட்டுச் சட்டப்படி கையடக்க ப்ளேயரின் சத்தம் 100 டெசிபலைத் தாண்டக்கூடாது. 2002-ல் ஐபாட் அதைத் தாண்டுகிறது என்று பிரச்னை கிளம்பி, சாஃப்ட்வேரை மாற்றி சத்தத்தைக் குறைத்த பிறகுதான் அங்கே மறுபடி விற்றார்கள். அடுத்தது 2006. ஐபாடினால் காது கெடும் என்று அமெரிக்காவில் ஒருவர் கோர்ட்டுக்கே போனார். அந்த வருஷம் மார்ச் மாதம் ஆப்பிள் ஒரு இலவச அப்டேட் வெளியிட்டது. அதைப் போட்டுக்கொண்டால், இந்த அளவுக்கு மேல் சத்தம் போகக் கூடாது என்று ஒரு எல்லை வைக்கலாம். பெற்றோர் ஒரு ரகசிய எண் போட்டுப் பூட்டியும் வைக்கலாம், பிள்ளை எத்தனை திருகினாலும் ஏறாது! யோசித்துப் பாருங்கள். அதே ப்ளேயர், அதே பிள்ளை. அப்டேட் போட்ட வீட்டில் பூட்டு இருந்தது, போடாத வீட்டில் இல்லை. (வழக்கு பிறகு தள்ளுபடியானது. அது வேறு விஷயம்.)

ஐரோப்பாவில் 2013 முதல் வந்த விதிப்படி புது ப்ளேயர்கள் 85 டெசிபலில்தான் ஆரம்பிக்கும். அதற்கு மேல் போனால் எச்சரிக்கும். நம்மூர்க் கடையில் வாங்குவதிலும் அப்படி இருக்கும் என்று நம்பிக்கொண்டு இருக்காதீர்கள். செட்டிங்ஸில் 'வால்யூம் லிமிட்' என்று இருக்கிறதா என்று வாங்கும்போதே கடைக்காரரைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். இல்லாத ப்ளேயரைக் குழந்தைக்கு வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கியாச்சு என்றால், சத்தத்துக்கு எல்லை வைத்த ஹெட்ஃபோன்கள் குழந்தைகளுக்கென்றே வருகின்றன. பீரோவுக்குள் பழைய ஐபாட் ஏதாவது தூங்குகிறதா? எடுத்து சார்ஜ் ஏற்றிப் பாருங்கள். உயிர் இருந்தால், கிடைக்கிற கடைசி அப்டேட்டைப் போட்டு இந்தப் பூட்டை வைத்துக் கொடுக்கலாம். ஒரே ஒரு ஜாக்கிரதை. பழைய ஐபாடை வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால், "உள்ளே இருப்பதை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றட்டுமா?" என்று கேட்கும். படிக்காமல் 'ஓகே' தட்டினால், அத்தனை வருஷப் பாட்டும் போச்சு!

ஃபர்ம்வேர் அப்டேட் செய்வது பெரிய வித்தை இல்லை. சார்ஜ் பாதிக்கு மேல் இருக்க வேண்டும், முழுதாக இருந்தால் உத்தமம். உள்ளே இருக்கும் பாட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி எடுத்துவிடுங்கள். கம்பெனியின் சொந்த இணையதளத்தில், உங்கள் மாடல் நம்பருக்கு உரிய ஃபைலை மட்டும் இறக்குங்கள். ஒரே பெயரில் இரண்டு மூன்று மாடல் இருக்கும், பெட்டியின் முதுகில் உள்ள நம்பரைப் பார்த்துச் சரிபாருங்கள். பிறகு கம்பெனி சொன்னபடி செய்துவிட்டு, முடியும்வரை கேபிளை உருவாதீர்கள், பட்டனை அழுத்தாதீர்கள். பாதியில் கரண்ட் போய் நின்றால், ப்ளேயர் பேப்பர் வெயிட்டாகத்தான் ஆகும். நம்மூரில் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. யு.பி.எஸ். இல்லாத கம்ப்யூட்டர் என்றால், சார்ஜ் உள்ள லேப்டாப்பில் செய்யுங்கள்.

சத்தம் ஆயிற்று. அடுத்தது, என்னை ரொம்பவும் சங்கடப்படுத்துகிற விஷயம், பெரியவர்களின் பாட்டுப் பெட்டி.

மகன் வெளியூரிலிருந்து வந்தான். அம்மாவுக்கு ஒரு ப்ளேயர் வாங்கி, அவசரமாக ஐந்நூறு பாட்டை ஏற்றிக் கொடுத்தான். "உனக்குப் பொழுது போகும்மா" என்று சொல்லிவிட்டுப் போனான். இரண்டு வருஷம் ஆயிற்று. அதே ஐந்நூறு பாட்டு. அதிலும் பாதி அம்மாவுக்குப் பிடிக்காதது. அடுத்த பாட்டுக்குத் தள்ளத் தள்ள அதே வரிசை. மாற்றத் தெரியாது. மருமகளிடம் கேட்கலாம், ஆனால் ஆபீஸ் விட்டுக் களைத்து வருகிறவளிடம் "என் பாட்டை மாத்திக் குடு" என்று கேட்கக் கூச்சம். பேரனிடம் கேட்டால் "அப்புறம் பாட்டி" என்பான். கடைசியில் பெட்டி ஷெல்ஃபில் ஏறிவிடும். "என்னம்மா, பாட்டே கேக்கறதில்லையா?" என்றால், "காது சரியா கேக்கலப்பா" என்பார்கள். காதா பிரச்னை?

நியூயார்க்கில் டான் கோஹன் என்பவர் 2006-ல் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்துக்கு ஐபாட் கொண்டுபோனார். எல்லாருக்கும் ஒரே பாட்டைப் போடவில்லை. ஒவ்வொருவருக்கும் இளவயதில் எது பிடித்தது என்று விசாரித்து, ஆளுக்கொரு பட்டியல் தயார் செய்தார். மறதி நோயால் பேச்சே குறைந்துபோன சிலர், பழகிய பாட்டைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்து பாடவும் பேசவும் ஆரம்பித்ததை 2014-ல் வந்த 'அலைவ் இன்சைட்' என்ற டாகுமென்டரி படம் காட்டியது. இது மறதி நோய்க்கு மருந்து என்று தப்பாக எடுத்துக் கொள்ளாதீர்கள். பின்னால் நடந்த ஆய்வுகளில் எல்லாருக்கும் ஒரே மாதிரி பலன் தெரியவில்லை. டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு ப்ளேயரை மாட்டிவிடுவது பைத்தியக்காரத்தனம். ஆனால் அவர் செய்த வேலையில் ஒரு விஷயத்தை நாம் எடுத்துக் கொள்ளலாம். 'உங்களுக்கு என்ன பாட்டு வேணும்?' என்று கேட்டாரே, அதை!

நாம் கேட்பதே இல்லை. பாட்டி என்றாலே தியாகராஜ பாகவதர், இல்லாவிட்டால் சுப்ரபாதம், கந்த சஷ்டி கவசம் என்று நாமாக முடிவு கட்டிவிடுகிறோம். கணக்குப் போட்டுப் பாருங்கள். பாகவதரின் 'ஹரிதாஸ்' வந்தது 1944-ல். இளையராஜாவின் முதல் படம் 'அன்னக்கிளி' 1976-ல். அப்போது காலேஜில் படித்த பெண்தான் இன்று எழுபதை ஒட்டிய உங்கள் வீட்டுப் பாட்டி! பதினைந்து வயதுக்கும் இருபத்தைந்து வயதுக்கும் நடுவில் கேட்ட பாட்டுதான் பொதுவாக மனசில் ஆழமாகத் தங்கும். பாட்டி பிறந்த வருஷத்தோடு அந்த வயதைக் கூட்டினால், எந்த வருஷத்துப் பாட்டு என்று உங்களுக்கே தெரிந்துவிடும். அவர்களுக்கு பக்திப் பாட்டும் வேண்டியிருக்கலாம். கச்சேரி வேண்டியிருக்கலாம். காதல் பாட்டு வேண்டும் என்று பேரன் முன்னால் வாய் திறந்து சொல்வார்களா? நாம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எத்தனை பாட்டு? 16 ஜி.பி. மெமரி கார்டில் சாதாரணத் தரத்தில் சுமார் 3,000 பாட்டு பிடிக்கும். நிமிஷத்துக்கு ஒரு எம்.பி. என்று வைத்துக் கொண்டால், ஐந்து நிமிஷப் பாட்டுக்கு ஐந்து எம்.பி. ஆனால் பிடிக்கிறதே என்று மூவாயிரத்தையும் திணிப்பது பெரியவர்களைத் தண்டிப்பது மாதிரி. வேண்டிய பாட்டைத் தேடுவதற்குள் கண் வலித்துவிடும். இருநூறு போதும் என்பேன். காலையில் கேட்க ஒரு ஃபோல்டர், மத்தியானம் ஒன்று, ராத்திரி படுக்கும்போது ஒன்று. பெயருக்கு முன்னால் 001, 002 என்று எண் போட்டால், விலை குறைந்த ப்ளேயர்களில்கூட பெரும்பாலும் அதே வரிசையில் பாடும். தமிழில் பெயர் வைத்தால் சில ப்ளேயர்களில் கட்டம் கட்டமாகத் தெரியும். அது கோளாறு இல்லை, தமிழ் எழுத்து உள்ளே இல்லை, அவ்வளவுதான். பெயரை ஆங்கில எழுத்தில் மாற்றிவிடுங்கள். கார்டு 32 ஜி.பி.க்கு மேல் போனால் பழைய ப்ளேயர்கள் பல அதைப் படிக்காது, வாங்குமுன் கவனியுங்கள்.

கார்வான் மாதிரிப் பெட்டியில் உள்ளே இருக்கும் பாட்டை மாற்ற முடியாது. ஆனால் பென் டிரைவ் செருக இடம் இருக்கிறது. அதில் வேண்டியதை ஏற்றிக் கொடுக்கலாம்.

பாட்டுக்கு எங்கே போவது? மாதச் சந்தா கட்டிக் கேட்கும் பாட்டு வாடகை வீடு மாதிரி. அந்த ஆப்பில் டவுன்லோடு செய்ததைப் பென் டிரைவில் எடுத்துப் போக முடியாது, பூட்டியிருக்கும். காசு கொடுத்து வாங்குகிற பாட்டும், வீட்டில் இருக்கும் சி.டி.யும் உங்களுடையவை. அலமாரியில் கேசட் கிடக்கிறதா? தூக்கிப் போட்டுவிடாதீர்கள்! பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்து ரெக்கார்டிங் கடையில் பதிந்து வாங்கிய அந்த அறுபது நிமிஷ கேசட்டில் இருப்பது உங்கள் அப்பாவே தேர்ந்தெடுத்த வரிசை. டேப் ரெக்கார்டரின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு கேபிள் கொடுத்து, 'ஆடாசிட்டி' என்ற இலவச சாஃப்ட்வேரில் பதியலாம். ஒரு மணி நேர கேசட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகும், குறுக்கு வழி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சமையல் நடக்கும்போது அது பாட்டுக்கு ஓடட்டுமே! பதிந்த பாட்டை உடனே பாட்டியின் ப்ளேயரிலும் ஏற்றிவிடலாம்.

பெரியவர்களுக்கு ப்ளேயர் வாங்கும்போது டச் ஸ்கிரீன் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். இருட்டில் தடவினாலும் தெரிகிற மாதிரி பெரிய பட்டன், ஸ்பீக்கர், அரை மணியில் தானே நிற்கிற ஸ்லீப் டைமர். இவை இருந்தால் போதும். விலை உயர்ந்த ப்ளேயர்கள் சில ஆண்ட்ராய்டில் ஓடுகின்றன. அதில் யூடியூபும் வரும், வாட்ஸ்அப்பும் ஏற்றலாம். மறுபடி செல்போன்தான்! அதற்கு எதற்குத் தனியாகக் காசு?

இன்னொன்று. வீட்டில் மற்றவர்களுக்கு நன்றாகக் கேட்கும் சத்தம் பெரியவருக்குப் போதவில்லை என்றால், வால்யூமை ஏற்றிக் கொடுத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போகாதீர்கள். காது குரும்பியாக இருக்கலாம், செவித்திறன் குறைந்திருக்கலாம். பரிசோதித்தால் தெரிந்துவிடும். இயர்போனை ஆளுக்கு ஆள் மாற்றிப் போடாதீர்கள், ஒருவர் காதில் இருக்கும் தொற்று இன்னொருவருக்கு வரலாம். சார்ஜ் போட்டுத் தலையணைக்கு அடியில் வைக்காதீர்கள். பேட்டரி உப்பி, ப்ளேயரின் முதுகு புடைத்துக்கொண்டு வந்தால் அதைக் குத்தவோ அழுத்தவோ கூடாது. சார்ஜ் போடுவதை அன்றோடு நிறுத்திவிட்டு சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிடுங்கள்.

இதையெல்லாம் யார் செய்வது? ஒருவர் பெயரைச் சொல்லிப் பொறுப்புக் கொடுத்தால்தான் நடக்கும். "யாராவது பாத்துக்குங்க" என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள். என்னைக் கேட்டால், பேரனுக்கோ பேத்திக்கோ கொடுத்துவிடலாம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, அரை மணி நேரம். பெட்டியை வாங்கிக்கொண்டு தன் ரூமுக்குப் போய் மாற்றிக் கொண்டுவரக் கூடாது. பாட்டி பக்கத்திலேயே லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். முதலில் எதை எடுத்துவிடலாம் என்று கேட்கட்டும். 'எது வேணும்?' என்று கேட்டால் "எதுவானாலும் சரிடா கண்ணா" என்பார்கள். 'எது வேண்டாம்?' என்று கேட்டால் மளமளவென்று பத்து பாட்டு சொல்வார்கள். அந்தப் பத்து போன இடத்தில் எதைப் போடலாம் என்று கேட்கும்போதுதான், "ஒரு பாட்டு உண்டு, படம் பேரு ஞாபகம் இல்ல..." என்று ஆரம்பிப்பார்கள். அங்கே அவசரப்படாமல், அவர்கள் முணுமுணுத்துக் காட்டுகிற மெட்டைக் கேட்டுக் கண்டுபிடிக்க ஐந்து நிமிஷம் கூடுதலாக ஒதுக்கச் சொல்லுங்கள்.